தலையில் வைத்த கை

— திருப்பி எடுத்துக்கணும்னா என்ன அர்த்தம்?

— வேற அர்த்தமெல்லாம் இல்லக்கா. அன்னைக்கு சபையில எல்லாரும் பாக்க என் மகனை மன்னிச்சீங்கல்ல? அதைத் திருப்பி எடுத்துக்கங்க. எங்களுக்கு வேணாம்.

— மன்னிப்பென்ன, அளவு தப்பின ஜாக்கெட்டா? கொண்டாந்து குடுத்தா பிரிச்சுத் தைச்சுத் தர?

— நீங்க தையல்காரங்க, அப்படித்தான் பேசுவீங்க. நான் கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கிறவ. எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. உங்க கால்ல விழுந்து கேட்டு வாங்கினதும் நான்தான். இப்ப வேணாங்கிறதும் நான்தான்.

— முதல்ல உட்காருங்க. அந்த முக்காலியில வேணாம். இப்படிக் கட்டில்ல உட்காருங்க, துணியைத் தள்ளி வெச்சுட்டு.

— ஏன், முக்காலிக்கு என்ன?

— அதுல உட்கார ஆள் இருக்கு. சொல்லுங்க. பாஸ்டர்கிட்ட பேசினீங்களா?

— பேசினேன். "மன்னிப்பு கிடைச்ச மனுஷன் புது சிருஷ்டிம்மா, பழசெல்லாம் ஒழிஞ்சுபோச்சு, சந்தோஷப்படுங்க"ன்னார்.

— அவர் நல்ல மனுஷன். அதான் கஷ்டம். நல்லவங்ககிட்ட நம்ம கஷ்டத்தைக் கொண்டுபோனா வசனமா மாத்திக் கையில குடுத்துடுவாங்க.

— சாரல் உள்ள அடிக்குதுக்கா. தைச்ச துணியெல்லாம் நனையுது. கதவைச் சாத்தட்டுமா?

— சாத்தாதீங்க. அந்தக் கதவை நான் சாத்தறதில்ல.

— மழைக்குக்கூடவா?

— எதுக்கும். நீங்க விஷயத்துக்கு வாங்க.

— தப்பா எடுத்துக்காதீங்க. அப்பு பண்ணது தப்புதான். நான் எந்த நாளும் இல்லன்னு சொன்னதில்ல. லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவன், அஞ்சாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தவன், தடுப்புப் பலகையைக் கொண்டுபோய் நாலாவது மாடியில வெச்சான். கீழ்மாடியில குழந்தைங்க விளையாடுது, அதுங்க வந்துடப் போகுதுன்னு அதையே நினைச்சுக்கிட்டு இருந்தானாம். குழந்தைங்களைக் காப்பாத்தணும்னு நினைச்சான்க்கா. அதனாலதான் மறந்தான்.

— எனக்குத் தெரியும். அவனே சொன்னான்.

— உங்க பிள்ளை கை நிறையத் துணி வெச்சிருந்தான். கீழ பாக்க முடியல, திறந்து கிடந்த லிஃப்ட் குழியில விழுந்துட்டான்.

— பதினாலு சுடிதார், ஒரு கவுன். நான்தான் இஸ்திரி போட்டு, கசங்காம மடக்கிக் கையில அடுக்கினேன். தாடை வரைக்கும் அடுக்கினேன். போதுமா? இதைச் சொல்லத்தான் மழையில வந்தீங்களா?

— இல்லக்கா. இல்ல. அழாதீங்க.

— நான் எங்க அழறேன். ஊசியில நூல் கோக்கறேன், கண்ணு கலங்குது. சொல்லுங்க.

— அன்னைக்கு சபையில நீங்க எழுந்து முன்னாடி வந்தீங்க. அவன் முட்டி போட்டிருந்தான். அவன் தலையில கை வெச்சு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா?

— "உன்னை மன்னிச்சேன். என் மகன் சுருட்டை இருந்த இடத்துல இனி நீ இரு. நீ என் பிள்ளை"ன்னீங்க. சபையே அழுதது. அல்லேலூயா சத்தத்துல கூரை பறந்துடும் போல இருந்துச்சு. நான் உங்களைத் தெய்வம்னு நினைச்சேன்.

— இப்ப என்னன்னு நினைக்கிறீங்க?

— அதுக்கப்புறம் அவன் என் மகனா இல்லக்கா.

— பிள்ளைங்க வளந்தா அப்படித்தான். கல்யாணம் ஆனா இன்னும் மோசம்.

— சிரிக்காதீங்க. கேளுங்க. பிறந்ததுலேர்ந்து டீயில மூணு கரண்டி சக்கரை போட்டுக் குடிச்சவன். எறும்பு மொய்க்கும்டான்னு கிண்டல் பண்ணுவேன். சபையில அது நடந்து ஒரு மாசம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை டீ குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டுத் துப்பிட்டான். "எனக்குச் சக்கரை ஆகாதுன்னு தெரியாதா?"ன்னான்.

— ம்.

— உங்க பிள்ளைக்குச் சக்கரை ஆகாதில்ல?

— ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே ஆகாது.

— நான் யார்கிட்டயும் கேட்டதில்லக்கா. இப்ப சும்மா கேட்டுப் பாத்தேன்.

— தண்ணி வேணுமா?

— வேணாம். அப்புறம் கை. சோறு அள்ளறது, சீப்பு பிடிக்கிறது, சாவி திருப்பறது எல்லாம் இடது கையில. சோத்துக்கையை மடியில போட்டுக்கிட்டு உட்கார்றான், அது யாரோ கழட்டி வெச்ச கை மாதிரி.

— அது நான்.

— என்ன நீங்க?

— இடது கை நான் பழக்கினது, சுருட்டை இடது கைக்காரன். சக்கரையும் நான் நிறுத்தினதுதான். பயப்படாதீங்க, பேய் இல்ல, பிசாசு இல்ல. தினம் சாயந்தரம் அவன் இங்கதான் வர்றான்.

— இங்கயா? வேலை கத்துக்கப் போறேன்னு சொன்னானே!

— பொய் சொல்லல. பட்டன் தைக்கக் கத்துக்கிட்டான். கத்திரியை இடது கையில பிடிக்கக் கத்துக்கிட்டான். நீங்க உட்காரப் போனீங்களே, அந்த முக்காலியிலதான் உட்காருவான். சுருட்டையோட சட்டை தோள்ல கொஞ்சம் இறுக்கமா இருந்தது, பிரிச்சு விட்டேன். இப்ப சரியா இருக்கு.

— செத்த பிள்ளையோட சட்டையை என் மகனுக்குப் போட்டு விட்டீங்களா?

— போட்டா என்ன? நல்ல துணி.

— அக்கா, நீங்க பைபிள் படிக்கிறவங்கதானே?

— உங்களை விட அதிகமாவே படிக்கிறேன்.

— மன்னிக்கிறதுன்னா இதுதானா? இது கொத்தடிமை. ஒரு பிள்ளையைப் பட்டப்பகல்ல, பாட்டுப் பாடி, ஆமென் சொல்லி, எடுத்துக்கிட்டீங்க!

— வாயை அடக்குங்க. போலீஸ் கேட்டப்ப புகார் வேணாம்னு சொன்னவ நான். "உயிருக்கு உயிர்"னு எந்தத் தாயும் கேப்பா. நான் கேக்கல. உயிரோட ஒருத்தனைக் கேட்டேன். அவனும் சரின்னான். நீங்களும்தான் கைதட்டினீங்க.

— தட்டினேன். தெரியாமத் தட்டிட்டேன்.

— நான் உங்க மகனை அடிச்சேனா, பட்டினி போட்டேனா? சாயந்தரம் ரெண்டு மணி நேரம். முக்காலி நிறைஞ்சு இருக்கும். மிஷின் ஓட்டுவேன், பக்கத்துல யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்கும். அவ்வளவுதான் நான் வாங்கினது. உங்களுக்கு ராத்திரி பூரா இருக்கான், காலையில இருக்கான். இதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?

— ராத்திரிதான்க்கா பாடறான்.

— யாரு?

— அப்புதான். தண்ணி குழாய் கத்தற மாதிரி குரல் அவனுக்கு. ஞாயிறு பள்ளியிலயே "நீ வாயை மட்டும் அசைடா"ன்னு சொல்லி நிறுத்துவாங்க. இப்ப தூக்கத்துல பாடறான். நல்லா பாடறான். ஆனா முழுசாப் பாடறதில்ல.

— பாதியில விட்டுடறானா?

— விடறதில்ல. ஒரு வரி பாடுவான், நிறுத்துவான். யாரோ எதிர்ல பாடறாங்க, அவங்க முடிக்கட்டும்னு காத்திருக்கிற மாதிரி. தலையை லேசா ஆட்டிக்கிட்டே இருப்பான். அப்புறம் சரியா எடுப்பான். ராகமா ஒண்ணும் புரியாது. நாலு பேர் பாடுற பாட்டுல மூணு பேரைக் கழிச்சுட்டா எப்படி இருக்கும்? அப்படி. அக்கா? மிஷினை ஏன் நிறுத்திட்டீங்க? நீங்கதானே இதையும் சொல்லிக் குடுத்தீங்க? சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். நீங்கதான்னு சொல்லிடுங்க.

— அந்த நிறுத்தற இடத்துல... மூக்கால ஒரு சத்தம் வருமா? சின்னதா, ரீங்காரம் மாதிரி?

— வரும்.

— கடைசி வரியில, எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கிறப்ப, தனியா மேல போகுமா?

— போகும். அந்த இடத்துலதான் நான் எழுந்து விளக்கைப் போட்டுடுவேன். எனக்குத் தாங்காது. அக்கா, நீங்கதானே?

— எனக்குப் பாடத் தெரியாது. சுருட்டை சபை கொயர்ல டெனர், நாலு குரல்ல ஒரு குரல். வீட்டுல தனியா அவன் குரலை மட்டும்தான் பழகுவான். மத்தவங்க பாடற நேரத்துக்கு மூக்கால தாளம் பிடிச்சுக் காத்திருப்பான். "உன் பாட்டுல ஓட்டை ஜாஸ்திடா"ன்னு சொல்லுவேன். அந்தப் பாட்டு புதுசு. சபையில இன்னும் பாடவே இல்ல. அவன் போனதும் அதை எடுத்து வெச்சுட்டாங்க, திரும்பத் தொடல. உங்க மகன் அதைக் கேட்டிருக்க வழியே இல்ல.

— இயேசுவே.

— சும்மா இருங்க. வேற என்ன? மறைக்காம எல்லாத்தையும் சொல்லுங்க.

— தலை.

— தலைக்கு என்ன?

— பாரமா இருக்காம். எந்நேரமும் குனிஞ்சே நடக்கிறான். டாக்டர்கிட்ட காட்டினேன், ஒண்ணும் இல்லன்னுட்டார். எண்ணெய் தேச்சு விடலாம்னு உட்கார வெச்சேன். உச்சியில முடி அமுங்கி இருக்குக்கா. சீவினாலும் நிமிரல, குளிச்சு வந்தாலும் நிமிரல. அஞ்சு விரல் பதிஞ்ச மாதிரி. கட்டைவிரல் நெத்திப் பக்கம்.

— எந்தக் கை?

— என்ன?

— வலதா, இடதா?

— வலது. அன்னைக்கு நீங்க வெச்சீங்களே, அதே கை. நான் பக்கத்துல நின்னு பாத்தேனே.

— நான் எடுக்கல.

— எதை?

— கையை. பாஸ்டர் ஆமென் சொன்னார், எல்லாரும் எழுந்தாங்க, பாட்டு ஆரம்பிச்சது. அவன் தலை சூடா இருந்தது. சுருட்டையோட தலை மாதிரியே, மயிருக்கு அடியில துடிச்சது. எனக்கு எடுக்க மனசு வரல. அப்படியே தலையோட சேத்து நெஞ்சுல சாய்ச்சுக்கிட்டேன். யாரோ வந்து என்னை விலக்கினாங்க. கை விலகிச்சு. நான் விலக்கல. வாய் "மன்னிச்சேன்"னு சொல்லிச்சு, கை "மாட்டேன்"னு சொல்லிச்சு. வாயைக் கேட்டு எல்லாரும் அழுதாங்க. கையை யாரும் பாக்கல.

— கர்த்தர் பாத்திருப்பார்.

— அவர் பாப்பார். பாத்துட்டு ஒண்ணும் சொல்ல மாட்டார். அதுதான் அவர் வழக்கம்.

— அக்கா, என்னை ஒண்ணு கேக்க விடுங்க. உங்களால முடியலன்னா மன்னிக்காதீங்க. அவனைச் சபிங்க. தெருவுல பாத்தாக் காறித் துப்புங்க. ஊரே வெறுக்கிற பிள்ளையைக்கூட நான் வெச்சுக் காப்பாத்துவேன். பிள்ளையே இல்லாத பிள்ளையை வெச்சு நான் என்ன பண்றது?

— அப்படி என்ன ஆயிடுச்சு? இன்னும் உங்க வீட்டுலதானே தூங்கறான்?

— நேத்து வேலை முடிஞ்சு வந்து வாசல்ல நின்னான். செருப்பைக் கழட்டாம, உள்ள எட்டிப் பாத்தான். என்னைப் பாத்துச் சிரிச்சான். மரியாதையா, பக்கத்து வீட்டுக்காரியைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி. "வரலாமா ஆன்ட்டி?"ன்னு கேட்டான். பெத்தவளை ஆன்ட்டின்னான்க்கா.

— கிண்டலுக்குக் கேட்டிருப்பான்.

— நீங்களே நம்பாததை எனக்குச் சொல்லாதீங்க.

— அன்னைக்கு அவன் வெளிய கிளம்பறப்ப என்ன சொன்னான் தெரியுமா? என் சுருட்டை. துணியைத் தூக்கிக்கிட்டு, தாடையால அழுத்திக்கிட்டு, "போயிட்டு வர்றேம்மா"ன்னான். நான் மிஷின்லேர்ந்து தலையைத் தூக்காம "போயிட்டு வாடா"ன்னேன்.

— எல்லாரும் சொல்றதுதானே. "போறேன்"னா சொல்லுவாங்க? சொல்லக் கூடாதே.

— ஆமா, எல்லாரும் சொல்றதுதான். ஆனா அவன் சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. நாலு மணிக்கு வர்றேன்னா நாலுக்கு வருவான். அதான் கதவைச் சாத்தறதில்ல. வர்றேன்னு சொல்லிட்டுப் போனவன், வந்து கதவு சாத்தியிருந்தா என்ன பண்ணுவான், சொல்லுங்க.

— உங்க பிள்ளையும் பாவம்தான்க்கா. வரச் சொல்லிட்டு நீங்க விடாமப் பிடிச்சிருக்கீங்க. வர உடம்பு இல்ல, போக உங்க சம்மதம் இல்ல. எங்க போறதுன்னு தெரியாமத்தான் என் வீட்டுல வந்து பாதிப் பாட்டு பாடறான்.

— நீ பாத்திரம் தேய்க்கிறவன்னு சொன்னே.

— ஆமா.

— எனக்கு மனசைத் தேய்க்கிறே. போதும், நிறுத்து.

— நிறுத்த மாட்டேன். எனக்கு வேற வழியில்ல. நான் உங்க தங்கச்சி மாதிரி. ஒருத்தராவது...

— ஷ். வாசல்ல காலடி.

— அம்மா! நீங்க கேட்ட கறுப்பு நூல் இல்லையாம், கருநீலம்தான் இருந்துச்சு, வாங்கிட்டேன். என்னா மழை! சட்டை நனைஞ்சா திட்டுவீங்கன்னு கடையோரமா நின்னு நின்னு வந்தேன். அட, ஆன்ட்டி! நீங்க எப்ப வந்தீங்க?

— அப்பு.

— இவங்க யாரைக் கூப்பிடறாங்கம்மா?

— அக்கா, பதில் சொல்லாதீங்க. அவன் உங்களை அம்மான்னு கூப்பிட்டா என்னடான்னு கேக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்.

— ஏன் ஆன்ட்டி அழறீங்க? அம்மா, இவங்களுக்கு ஏதாவது குடுங்களேன். பாவம், நல்லா நனைஞ்சிருக்காங்க.

— இங்க வா. நூலை அங்க வெச்சுட்டு வா.

— ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல. என் முன்னாடி முட்டி போடு. அன்னைக்கு சபையில போட்டியே, அப்படி.

— எனக்குத் தலை வலிக்குதும்மா. இன்னைக்குக் காலையிலேர்ந்து ரொம்ப.

— தெரியும். குனி. இன்னும் கொஞ்சம். ஏ தங்கச்சி, நீ சொன்னது சரி. அச்சு எடுத்த மாதிரி இருக்கு. என் விரல் அப்படியே உள்ள உட்காருது.

— எடுத்துடுங்கக்கா.

— அவசரப்படாதே. சூடா இருக்கு. கொஞ்ச நேரம்... கொஞ்ச நேரம் இருக்கட்டுமே.

— அக்கா.

— இந்தக் கை எடுத்தா எனக்கு யாருமில்ல. தெரியுமா உனக்கு? முக்காலி வெறும் முக்காலி ஆயிடும்.

— தெரியும்க்கா. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்கறேன். எனக்கு வெட்கமா இருக்கு. ஆனாலும் கேக்கறேன்.

— சரி. கேளுடா பையா. உன் பேரை நான் சொல்ல மாட்டேன், அது உன் அம்மா கூப்பிட வேண்டியது. நீ என் பிள்ளை இல்ல. என் பிள்ளை செத்துட்டான். நீ பலகையை மாத்தி வெச்சதால செத்தான். அதுக்கு ஈடா நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல. சட்டை போட்டுக்க வேண்டியதில்ல, பட்டன் தைக்க வேண்டியதில்ல, முக்காலியில உட்கார வேண்டியதில்ல. பரமண்டலத்துல இருக்கிறவரே, என் கையை நீர் தூக்கிவிடும், எனக்கு இது ரொம்பக் கனமா இருக்கு. தூக்கும். ம். தூக்கும்.

— கை மேல வரலையேக்கா. நான் பிடிக்கட்டுமா?

— தொடாதே. இதை நானே செய்யணும். ... எடுத்துட்டேன். பாரு. எடுத்துட்டேன். உன்னை மன்னிச்சேன்டா. போ.

— அப்பு? அப்பு, கண்ணைத் திற. என்னைப் பாரு.

— அம்மா? நீ எப்படிம்மா இங்க? கேன்டீன் லீவா?

— யாரைக் கேக்கறே? என்னையா? என்னையாடா கேக்கறே?

— பின்ன யாரை? ஏன் இப்படிக் கட்டிப் பிடிக்கறே, மூச்சு முட்டுது. தலை லேசா இருக்கும்மா. ரொம்ப நாளைக்கப்புறம் லேசா இருக்கு. இது யார் சட்டை?

— கழட்டிக் கட்டில் மேல போட்டுடு தம்பி. உன் அம்மா துண்டு தருவாங்க, போத்திக்கிட்டுப் போ. மழை கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

— ஆன்ட்டி... நான் உங்களுக்குப் பண்ணது...

— பேசி முடிச்சாச்சு. திரும்பத் திறக்காதே. வீட்டுக்குப் போய் மூணு கரண்டி சக்கரை போட்டு டீ குடி.

— அக்கா, நான் என்ன சொல்றது உங்களுக்கு?

— ஒண்ணும் சொல்லாதே. நல்லா தூங்கு இன்னைக்கு. போறப்ப அந்தக் கதவைச் சாத்திடு.

— சாத்தறதே இல்லன்னீங்களே?

— சாரல் அடிச்சுத் துணியெல்லாம் வீணாகுது. சாத்து.

— சரிக்கா. செருப்பை மாட்டுடா. பாத்து, படி வழுக்கும்.

— அம்மா, போறேன்.

— டேய், என்ன பேச்சு இது? "போறேன்"னு சொல்லுவாங்களா? வாயைக் கழுவு. "போயிட்டு வர்றேன்"னு ஆன்ட்டிகிட்ட சொல்லு.

— நான் வாயே திறக்கலையேம்மா. உன் பக்கத்துலதானே நிக்கறேன். அது உள்ளேருந்துல்ல வந்துச்சு, முக்காலிப் பக்கம்.

— சரிடா சுருட்டை. போ.